கடையைப் பூட்டிவிட்டுக் கப்பலேறினோம்

போன மாதம் நானும் என் மனைவி செல்வியும் சென்னைத் துறைமுகத்திலிருந்து இரண்டு இரவுக் கப்பல் பயணம் போய் வந்தோம். அந்த இரண்டு நாளும் பட்டாபிராமில் எங்கள் ஹார்டுவேர் கடை பூட்டியே கிடந்தது. கடை திறந்து இருபத்தாறு வருடத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. திரும்பி வந்ததிலிருந்து பிளம்பர், பெயின்டர், புது வீடு கட்டுகிறவர் என்று கடைக்கு வருகிற எல்லாரும் "எவ்ளோ ஆச்சு, சாப்பாடு எப்படி, வாந்தி வருமா" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தால் வியாபாரம் நடக்காது. அதனால் எழுதிவிடுகிறேன்.

ஏன் போனோம் என்பதை மறைக்கப் போவதில்லை. எங்கள் ஒரே மகள் ஓசூரில் இருக்கிறாள், பிரசவத்துக்கு நாள் நெருங்குகிறது. செல்வி போய் இருக்கப் போவதாகச் சொன்னாள். சரி, எப்போ வருவாய் என்றேன். "பார்க்கலாம்" என்றாள். நான் வியாபாரி. சரக்கு எடுத்துப் போகிறவன் திரும்பத் தருகிற தேதி சொல்லவில்லை என்றால் எனக்கு அர்த்தம் தெரியும். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டேன். அப்போதும் "பார்க்கலாம்"தான். மகள்தான் போனில், "அப்பா, அம்மாவை எங்கயாவது கூட்டிட்டுப் போங்க, கோயிலுக்கு இல்ல" என்றாள். கப்பல் விளம்பரத்தை அனுப்பியதும் அவள்தான்.

எங்கள் கடையின் வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். கல்லாவில் எப்போதும் இரண்டு பேரில் ஒருவர் இருப்போம். கடைக்கு மேலேயே வீடு. அவள் மேலே போய்ச் சாப்பிட்டு இறங்குவாள், பிறகு நான் ஏறுவேன். ராத்திரி நான் ஷட்டரை இறக்கிவிட்டு ஏறும்போது அவள், மகள் இருந்தவரை மகளோடு, இப்போது தனியாக, சாப்பிட்டு முடித்திருப்பாள். சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் ஒருவர்தான் போவோம். மகள் கல்யாணத்திலாவது சேர்ந்து உட்கார்ந்தீர்களா என்று கேட்காதீர்கள், இரண்டு பேரும் பந்தியைக் கவனித்துக்கொண்டு நின்றோம். சாவியும் அப்படித்தான். ஒரு கொத்து என்னிடம், ஒரு கொத்து அவள் இடுப்பில். மூன்றாவது கிடையாது. இத்தனைக்கும் சாவி வெட்டுகிற மெஷின் எங்கள் கடையிலேயே இருக்கிறது.

ஏற்பாடு இதுதான்: வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நாங்கள் பூட்டிவிட்டுக் கிளம்புவோம். செல்வி தன் சாவியைப் பக்கத்து டீக்கடையில் கொடுத்து வைப்பாள். ஆவடியிலிருந்து அவள் தம்பி கோபி இரண்டு மணிக்கு வந்து கடையைத் திறந்து, ஞாயிறு வரை பார்த்துக்கொள்வான்.

டாக்ஸிக்காரர் பெரிய பெட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஏர்போர்ட்டா?" என்றார்.

"ஹார்பர்."

"ஹார்பர்ல இன்னா லோடு?"

"லோடு இல்லப்பா. நாங்கதான்."

வண்டி அம்பத்தூர் தாண்டும்வரை கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். முப்பத்திரண்டு கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், 870 ரூபாய். மின்சார ரயிலில் போயிருந்தால் இரண்டு டிக்கெட் விலை ஒரு டீக்குச் சமம், ஆனால் பெட்டியோடு ஏற முடியாது.

துறைமுகத்தில் ஆதாரைப் பார்த்தார்கள், பைகளை மெஷினில் விட்டார்கள். எங்கள் கைப்பையை மட்டும் நிறுத்தி, "இது என்ன, இவ்வளவு இரும்பு?" என்று ஓர் அதிகாரி கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற செல்வி, "வீட்டுச் சாவி சார்" என்றாள். நான் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தேன், காதில் விழுந்ததே தவிர மனதில் விழவில்லை.

கப்பலை முதலில் பார்த்தபோது கப்பல் என்றே தோன்றவில்லை. முகப்பேர் ஹவுசிங் போர்டு பிளாக் ஒன்றுக்கு வெள்ளையடித்துத் தண்ணீரில் நிறுத்தியதுபோல இருந்தது. எங்களுடையது ஜன்னல் அறை. உள்ளே போனதும் வழக்கம்போல நான் குளியலறைக் குழாயைத் தட்டிப் பார்த்தேன். நல்ல கனம், பித்தளை. கதவுக்கு நாலு கீல் போட்டிருந்தான். செல்வி ஜன்னலில் நின்றாள். தண்ணீரில் பட்ட வெயில் கூரையில் ஏறி, வலை வலையாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் முகத்திலும் ஆடியது.

ஐந்தே முக்காலுக்குக் கப்பல் நகர்ந்தது. சத்தம் எதுவும் இல்லை. நாம் நிற்கிறோம், ஊர்தான் மெதுவாகப் பின்னால் போகிறது என்பதுபோல இருந்தது. பத்தாவது மாடித் திறந்த தளத்தில் எல்லாரும் நின்றோம். கலங்கரை விளக்கம் விரல் அளவு ஆனது, பிறகு தீக்குச்சி அளவு. சூரியன் மேற்கே, சரியாக எங்கள் ஊர்ப் பக்கம், ஆவடி தாண்டிப் பட்டாபிராமுக்குள் இறங்குகிற மாதிரி மஞ்சள் புகையில் இறங்கியது. இத்தனை வருடம் அந்தச் சூரியனுக்கு அடியில் நின்று பைப் அளந்திருக்கிறேன். தள்ளி நின்று பார்த்ததே இல்லை.

சோதனையில் சத்தத்தை அணைத்துவைத்த போனை அப்போதுதான் எடுத்து மறுபடி சத்தம் வைத்தேன், உடனே அடித்தது. கோபி.

"மாமா, ரெண்டு மணிலருந்து அட்சிகினே கீறேன், எடுக்கவே மாட்டேன்ற! சாவி எங்க? டீக்கடைல கேட்டா அக்கா ஒண்ணும் தரலன்றாரு."

கைப்பையைக் கவிழ்த்தேன். அடியில் என் கொத்து கிடந்தது. அதோடு பின்னிக்கொண்டு அவள் கொத்தும் கிடந்தது. "கோபி" என்று நான் ஆரம்பிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

செல்வியைப் பார்த்தேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மறந்துட்டியா?" என்றேன். கவிழ்த்ததையெல்லாம் அள்ளிப் பைக்குள் போட்டாள். வரவேற்பு மேசைக்கு ஓடினேன். வைஃபை ஒரு நாளைக்கு 1,200 ரூபாய் என்றார்கள். பேரம் பேசினேன், படியவில்லை. பிறகுதான் உறைத்தது: வைஃபை வாங்கி என்ன பண்ண? சாவியை வாட்ஸப்பில் அனுப்ப முடியாது. "பூட்டை உடைக்கச் சொல்லட்டுமா?" என்று திரும்பி வந்து செல்வியைக் கேட்டேன். "நம்ம கடைல இருக்கறதுலயே நல்ல பூட்டுன்னு நீங்கதான எடுத்து மாட்டினீங்க? உடையாது" என்றாள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன், அதைத்தான் எல்லாரும் கேட்கிறீர்கள். பதினோராவது மாடியில் பஃபே, டிக்கெட் விலையிலேயே அடக்கம். ராத்திரி பிரியாணி, மீன் வறுவல், ரசம், நாலைந்து வடக்கத்திச் சப்ஜி, பெயர் தெரியாத வெள்ளைக்காரச் சாப்பாடு ஒரு வரிசை. பிரியாணி சுமார். ரசம் சுத்தமாகத் தேறாது. இனிப்பு வரிசை மட்டும் கண்காட்சி மாதிரி இருந்தது. குளிர்பானத்துக்கும் மற்ற பானத்துக்கும் தனிக் காசு, அதில்தான் அவர்கள் லாபம். தண்ணீர், டீ, காபி இலவசம்.

எங்கள் மேசையில் பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருக்கும் அன்வர் பாயும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். செல்வி போய்த் தட்டில் எடுத்துவந்து வேகமாகச் சாப்பிட்டாள், நான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கை கழுவி வந்ததும் பையை அவளிடம் கொடுத்துவிட்டு நான் எழுந்தேன். பாய் பார்த்துக்கொண்டே இருந்தவர், "இன்னா அண்ணாத்தே, ஷிப்ட் டூட்டியா?" என்றார்.

"பை கீது பாய்."

"நடுக்கடல்ல எவன் தூக்கினு எங்க ஓடுவான்?"

அவர் மனைவி சிரித்தார். செல்வி சிரிக்கவில்லை. வெறும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று படுத்தபோது கட்டில் லேசாக அதிர்ந்தது. எங்கள் வீட்டிலும் ரயில் போகும்போது இப்படித்தான் அதிரும், ஆனால் அது அரை நிமிடத்தில் போய்விடும். இது போகவே இல்லை. முடிவில்லாத ஒரு ரயில் நம்மைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிற மாதிரி. அதைக் கேட்டுக்கொண்டே எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

சனிக்கிழமை காலை. சுற்றிலும் தண்ணீர் தவிர எதுவும் இல்லை. நான் வழக்கப்படி மேசையைப் பிடித்து, "நீ போய் எடுத்துக்க" என்றேன்.

"ரெண்டு பேரும் போவலாம்" என்றாள்.

"பை?"

"பைல இன்னா கீது? தொறக்க முடியாத கடையோட சாவி. இங்கியே கெடக்கட்டும்."

போனோம். இட்லி, பொங்கல், பூரி மசால் எடுத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் சாப்பிடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா?" என்றேன்.

"இடது பக்கமா மெல்றீங்க" என்றாள். "இருபத்தாறு வருசமா எனக்குத் தெரியாது."

இட்லியைப் பிட்டுக்கொண்டே அவளே சொன்னாள். "சாவிய மறக்கல. வேணும்னுதான் குடுக்கல. உங்க கொத்தும் பைல விழுந்தத ஷட்டர பூட்டிட்டு கெளம்பும்போதே பாத்தேன். ஒரு நாள் தொறக்கலன்னா இன்னா ஆவுதுன்னு பாக்கணும் எனக்கு."

எனக்குக் கோபம் வந்தது. சனிக்கிழமை எங்களுக்குப் பெரிய வியாபாரம், வாரக் கூலி வாங்கிய கையோடு எல்லாரும் வருவார்கள். எழுந்து தளம் முழுக்க நடந்தேன். நடந்து எங்கே போவது? கப்பலை மூன்று சுற்று சுற்றினாலும் அதே நாற்காலிக்குத்தான் வந்து சேர்கிறோம். அதில் செல்வி படுத்திருந்தாள், பக்கத்து நாற்காலியில் ஒரு துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்திருந்தாள். உட்கார்ந்தேன். நீலம் கரும்பச்சையாகி மறுபடி நீலமானது. பறக்கும் மீன்கள் வெள்ளிச் சில்லறை இறைத்ததுபோல எழுந்து விழுந்தன. கப்பலுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பாதை நீண்டு, தூரத்தில் தானே அழிந்துகொண்டிருந்தது. எது இன்று, எது நேற்று என்று தெரியாமல் ஒரு தூக்கம். கண் திறந்தபோதெல்லாம் அவள் அங்கேயே இருந்தாள்.

சாயங்காலம் நீச்சல்குளத்துப் பக்கம் நடனம். ஒரு பையனும் பெண்ணும் மேடையில் நின்று அடி சொல்லிக்கொடுக்க, கீழே ஐம்பது அறுபது பேர் வரிசையாக ஆடுகிறார்கள். ரிட்டயர்டு ஆட்கள், ஐ.டி. பசங்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி, யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பாயின் மனைவி செல்வியைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டாவது பாட்டிலேயே அடியைப் பிடித்துவிட்டாள். எடை பார்க்கிற கையும் ஆணி எண்ணுகிற விரலும் காற்றில் என்னென்னவோ செய்தன. கடலுக்கும் வானத்துக்கும் நடுவே கோடே இல்லாத ஒரு ஆரஞ்சு. அதற்குள் அவள் யாரோ மாதிரியும் இருந்தாள், எனக்கு எப்போதும் தெரிந்தவள் மாதிரியும் இருந்தாள். ஓசூருக்குப் போனால் இவள் ஏன் திரும்பி வர வேண்டும் என்று தோன்றியது.

அவள் என்னைப் பார்த்து, "வாங்க" என்றாள். நான் பையைக் காட்டினேன்.

"குடு அண்ணாத்தே" என்று பாய் கையை நீட்டினார். "மெத்தை யாவாரி நானு, ஒக்காந்துகினு பாத்துக்கறது நம்ம தொழிலு."

கொடுத்துவிட்டுப் போனேன். எனக்கு ஆட வராது. எல்லாரும் வலது பக்கம் போனால் நான் இடது பக்கம் போய் யாரையாவது இடித்தேன். செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கடையில் பார்த்ததில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்குத் துறைமுகம். சிக்னல் வந்ததும் கோபியைக் கூப்பிட்டேன். ஷட்டரில் அட்டை எழுதி மாட்டியிருக்கிறான்: 'கப்பலில் போயிருக்கிறார்கள். ஞாயிறு வருவார்கள்.' சிலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள், சிலர் காத்திருக்கிறார்கள். ஒரு பிளம்பர் அட்டையோடு செல்ஃபி எடுத்துப் போட்டிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது.

போகிறவர்களுக்கு: இருவருக்கு ஜன்னல் அறை வரி சேர்த்து 58,400 ஆனது. ஜன்னல் இல்லாத அறை மலிவு, ஆனால் வேண்டாம், கூரையில் ஆடும் அந்த வெளிச்சத்துக்குத்தான் காசு. பயணத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக் குமட்டல் மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று வையுங்கள், உள்ளே ஏசி அதிகம். வைஃபை வாங்காதீர்கள். ஆடுகிற இடத்துக்குச் செருப்பு வேண்டாம், பின்பக்கம் மூடிய ஷூ நல்லது. சாவியை ஊரிலேயே கொடுத்துவிட்டுப் போங்கள். கொடுக்காமல் போனாலும் ஒன்றும் முழுகிவிடாது.

கப்பல் கரை ஒட்டுவதற்கு முன் மேல்தளத்தில் ஒரு காபியோடு உட்கார்ந்து, எப்போது வருவாய் என்று மூன்றாவது தடவை கேட்டேன். இந்தத் தடவை அவள் "பார்க்கலாம்" என்று சொல்லவில்லை, பேரம் பேசினாள். நான் இரண்டு மாதம் என்றேன், அவள் எட்டு என்றாள். கப்பலைக் கரையில் கட்டக் கயிறு போடுவதற்குள் பேரம் முடிந்துவிட்டது. பேசி முடித்தது இதுதான்: குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகும்வரை அவள் ஓசூரில். செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை, திங்கள் ராத்திரி பூந்தமல்லியில் நான் ஓசூர் பஸ் ஏறிவிட வேண்டும். அவள் திரும்பி வந்த பிறகும் செவ்வாய் விடுமுறை தொடரும். மற்ற நாட்களில் மதியம் ஒன்றரை முதல் இரண்டரை வரை ஷட்டர் இறங்கும், இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். மூன்றாவது சாவிக்கொத்தை நானே வெட்டிக் கோபியிடம் கொடுக்க வேண்டும், கூலி கிடையாது.