லேசான கியர்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தெருவில் கியர் வைத்த சைக்கிள் என் வீட்டுக்காரரிடம் மட்டும்தான் இருந்தது. அவர் மில்லில் ஃபிட்டர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தா, அதாவது பழைய சிப்பாய், அவர் வீட்டுக்குத் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பம் பிரான்சுக்கே போனபோது, அங்கிருந்து வந்த பந்தய சைக்கிளை இவரிடம் விட்டுவிட்டுப் போனது. ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், ஊசி போல டயர். என் முகத்தைப் பார்த்ததைவிட அந்த செயினை அவர் அதிகம் பார்த்திருப்பார். நான் இதைச் சொல்லிக் காட்டாத நாளே கிடையாது.

கடல்காற்று அந்த சைக்கிளுக்கு ஆகவில்லை. கியர் அடிக்கடி பிடித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை வாசலில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்காருவார். என்னைப் பெடலைச் சுற்றச் சொல்வார்.

"கியர் மாறலன்னா மூணே எடம்தான் பாக்கணும். முன்னாடி லிவரு, நடுவுல ஒயரு, பின்னாடி செயினத் தள்ளுற ஸ்பிரிங்கு. ஒண்ணொண்ணா கழட்டிப் பாரு, எது முரண்டு புடிக்குதுன்னு தெரிஞ்சிடும்."

"எல்லாத்தையும்விட நீங்கதான் முரண்டு" என்பேன்.

இன்னொன்றும் சொல்வார். "பின்னாடி வீல்ல சின்னப் பல்லுச் சக்கரத்துல செயின் இருந்தா மிதிக்கக் கஷ்டம். பெரிய பல்லுல இருந்தா லேசு. ஆனா வண்டி நின்னப்புறம் மாத்த முடியாது. அதனால நிறுத்தறதுக்கு முன்னாடியே லிவர இழுத்து லேசுல போட்டுடணும். திரும்பக் கெளம்பணும் இல்ல?" கடையில் ஏதாவது வாங்கக்கூட அப்படித்தான் நிறுத்துவார். கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் அந்தக் கை தானாகப் போய் லிவரை இழுத்துவிடும்.

மில் கதவடைத்திருந்த சமயம். ஒரு சாயங்காலம் எங்களுக்குள் பெரிய சண்டை. சைக்கிளுக்கு எண்ணெய் போடும் நேரத்தில் வேறு வேலை தேடியிருக்கலாம் என்றேன். "எங்கனா போய்த் தொலையறேன், நிம்மதியா இரு" என்றார். மறுநாள் விடிந்ததும் வழக்கம்போல வைத்திக்குப்பத்துக்குக் கடலில் குளிக்கப் போனார். அவ்வளவுதான்.

வெயில் ஏறிய பிறகு தம்பியைக் கூட்டிக்கொண்டு நான் போனேன். சைக்கிள் ஒரு படகின் மேல் சாய்ந்து நின்றது. சட்டையைக் கழற்றி மேல் குழாயில் போட்டிருந்தார். கூட்டம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் செயினைப் பார்த்தேன். சின்னப் பல்லில் இருந்தது.

இந்த மனுஷன் திரும்பிக் கிளம்பும் எண்ணத்தில் வண்டியை நிறுத்தவில்லை. அங்கே இருந்த அத்தனை பேரில் அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

குப்பத்து ஆட்கள் படகில் போய்த் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. "கடலு திருப்பிக் குடுத்துடும்மா. செல நேரம் குடுக்காது" என்றார் ஒரு பெரியவர். பிறகு விழுப்புரம் ஸ்டேஷனில் அவரைப் பார்த்ததாக மில்காரர் ஒருவர் வந்து சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். சண்டை போட்டுவிட்டு ஓடிப்போன ஆள், சைக்கிளை விட்டது ஒரு ஏமாற்று. மாமியார் காரியம் செய்யலாம் என்று அழுதார். "ஓடிப்போன ஆளுக்கு எதுக்குக் காரியம்?" என்று சீறினேன். தாலியும் பொட்டும் அப்படியே இருந்தன. கோபம் ஒரு வகையில் வசதியாக இருந்தது. உயிரோடு இருக்கிறவர் மேல்தானே கோபப்பட முடியும்?

அன்று கடற்கரையில் சைக்கிளில் ஏறி ஓட்டத் தம்பிக்குப் பயம். தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். மூலையில் சாய்த்து, சட்டையை எடுத்துவிட்டு, கோணியைப் போட்டு மூடச் சொன்னேன். அதற்குப் பிறகு அதை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சத்தம் சில மாதம் கழித்து ஆரம்பித்தது. மத்தியானம், தெரு அடங்கிக் கிடக்கும் நேரம். அரிசி களைந்துகொண்டிருப்பேன். கோணிக்குள் இருந்து ஒரே ஒரு 'டிங்'. யாரோ நகத்தால் கம்பியைச் சுண்டிய மாதிரி. எலி என்று நினைத்தேன். எலி ஒரு தடவை சத்தம் போட்டுவிட்டு மாதக்கணக்கில் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வாசற்படியிலேயே நின்றாள். "அக்கா, அது அவருதான். எதோ சொல்லணும்னு தட்டறாரு" என்றாள். "சொல்றதுக்கு வாய் இருக்குது, வந்து சொல்லட்டும்" என்றேன்.

பிறகு தம்பி மூலக்குளம் பக்கம் வீடு பார்த்தான். அவனோடு நானும் போனேன், கோணி மூடிய சைக்கிளும் வந்தது. அங்கே கடல் இல்லை, காற்றில் உப்பு இல்லை. ஒரு மத்தியானம் அங்கேயும் 'டிங்' என்றது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஊரெல்லாம் சுத்திட்டு இங்க வந்து ஏன் தட்டற?" என்று கோணியைப் பார்த்துக் கத்தினேன்.

எண்பதுகளின் நடுவில் தம்பிக்கு உழவர்கரையில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. நேரத்துக்கு பஸ் இல்லை. "அக்கா, அந்த வண்டிய எடுத்துக்கட்டுமா?" என்று தயங்கிக் கேட்டான். "இரு, நான் பாத்துத் தரேன்" என்றேன். வேறு யாரும் அதைத் தொடுவதில் எனக்கு இஷ்டம் இல்லை.

கோணியை இழுத்தேன். செயின் துருவேறி அதே சின்னப் பல்லில் இருந்தது. மூன்று இடம். பின்னாலிருந்து ஆரம்பித்தேன். ஸ்பிரிங்குக்கு எண்ணெய் விட்டு விரலால் தள்ளினேன், அசைந்தது. அங்கே கோளாறு இல்லை. நடுவே ஒயர். உறைக்குள் உப்புத் துரு இறுகி, ஒயர் இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் வரவில்லை. உறையே நெளிந்துபோயிருந்தது, யாரோ பலமாக இழுத்த மாதிரி.

பிறகுதான் லிவரைப் பார்த்தேன். கீழ்க் குழாயில் இருக்கிறது அது. கடற்கரையில் சட்டை தொங்கி அதை மறைத்திருந்தது. செயின் சின்னப் பல்லில் இருந்தால் லிவர் முன்பக்கம் தளர்ந்து கிடக்க வேண்டும். இது பின்னால் இழுபட்டு நின்றது. லேசான கியருக்கு.

"இத நீ எப்பவாவது தொட்டியா?" என்று தம்பியைக் கேட்டேன்.

"சாமி சத்தியமா இல்லக்கா. தூக்கிட்டு வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு."

லிவருக்குள் ஒயர் நுழையும் இடத்தில் இழைகள் பாதிக்குமேல் அறுந்து, முள் முள்ளாக நின்றன. முறுக்கேறி நின்ற கம்பியில், துரு தின்னத் தின்ன ஒவ்வொன்றாக அறுந்திருக்கின்றன. எனக்குக் கேட்ட ஒவ்வொரு 'டிங்'கும் அதுதான். மிச்ச இழைகள் இன்னும் விறைப்பாக இருந்தன. அவர் கை இழுத்த இழுப்பு இத்தனை வருஷமும் என் வீட்டு மூலையில் அந்தக் கம்பியில் நின்றிருக்கிறது.

லிவரை இறுக்கிப் பிடித்திருந்த திருகாணியைத் தளர்த்தினேன். லிவர் என் விரலைத் தட்டிக்கொண்டு முன்னால் போனது. பிடித்திருந்த ஒரு கை விட்டுவிட்டது போல இருந்தது எனக்கு. நான் அலறிவிட்டேன். தம்பி ஓடிவந்து பிடித்துக்கொண்டான்.

கியர் மாறவில்லை. ஆனால் அவர் இழுத்திருக்கிறார். குளித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, லேசாக மிதித்து வீட்டுக்கு வரத்தான் இழுத்திருக்கிறார். விழுப்புரத்துக்குப் போகவில்லை. எங்கேயும் போகவில்லை. என்னை விட்டுவிட்டு ஓடவில்லை என்று தெரிந்த அதே நிமிஷத்தில், அவர் இனி வரமாட்டார் என்பதும் தெரிந்தது.

எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்தேன். நெற்றியில் இருந்த பொட்டை நானே எடுத்தேன்.

"தம்பி, என் மாமியாருக்குச் சொல்லி அனுப்பு. அவருக்குக் காரியம் செய்யணும்."

"என்னக்கா திடீர்னு?"

"அவரு வீட்டுக்கு வரத்தான்டா இருந்தாரு" என்றேன்.