பிரேமாவின் சாவியை வாங்க ஆளில்லை

பதினொன்று. பிரேமா தன் சங்கத்தையும் கவனித்துக்கொண்டு, கூடுதல் பொறுப்பாக ஏற்றுப் பார்த்த மற்ற கூட்டுறவுக் கடன் சங்கங்களின் எண்ணிக்கை அது. ஒரு செயலாளருக்குப் பிரசவம், இன்னொருவருக்கு நெஞ்சுவலி, வேறொருவர் வீட்டில் மகள் கல்யாணம். யார் விடுப்பில் போனாலும் திருத்தணி வட்டாரத்தில் முதல் போன் பிரேமாவுக்குத்தான் வரும். "கொஞ்சம் பாத்துக்கங்கம்மா" என்பார்கள். அவரும் பார்த்துக்கொள்வார். காலையில் பள்ளிப்பட்டு சாலையில் இருக்கும் தன் சங்கம், மதியத்துக்கு மேல் அடுத்தவர் சங்கம். இரண்டுக்கும் நடுவே ஸ்கூட்டியை எந்த மரத்தடியில் நிறுத்திச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பது என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே யோசனை.

அப்படி ஓடிய வலது முழங்கால்தான் இப்போது மடங்க மறுக்கிறது. சென்னை அரசு ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் காத்திருந்து மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருந்தார். இந்தச் சனிக்கிழமை ஆடிக் கிருத்திகை. அது முடிந்து வரும் புதன்கிழமை ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். தவறினால் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும் என்று அங்கே இருந்த நர்ஸ் இரண்டு முறை சொல்லி அனுப்பியிருந்தாள்.

விடுப்புக்குத் தடையில்லை. சங்கங்களை மேற்பார்க்கும் சரக அலுவலகத்தில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்கள். "உங்க பொறுப்ப யாரு ஏத்துக்கறாங்க? உங்களுக்குள்ள பேசி ஒரு பேரு சொல்லுங்கம்மா. திங்கக்கிழமை காலைல ஆர்டர் போட்டுடலாம்."

ஒரு பெயர். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மாலை, தன் பொறுப்பை யாராவது ஏற்க முடியுமா என்று செயலாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் பிரேமா செய்தி போட்டார். அந்தக் குழுவை ஆரம்பித்ததே அவர்தான். கம்ப்யூட்டர் கணக்கு வந்த புதிதில், அன்றன்றைய கணக்கை மூடி நாள் முடிக்கத் தெரியாமல் ஆளாளுக்குத் திண்டாடியபோது, ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்வதற்காகத் தொடங்கியது. இப்போது அதில் சந்தேகம் கேட்பவர்கள் பல பேர். பதில் சொல்பவர் பெரும்பாலும் ஒருவர்.

அவருடைய கணவர் பெருமாள், அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், பக்கத்தில் உட்கார்ந்து போனை எட்டிப் பார்த்தார்.

"இன்னா சொல்றாங்க உன் ஆளுங்க?"

"நலம் பெற வேண்டும்னு சொல்றாங்க."

"அப்புறம்?"

"பூ போட்டிருக்காங்க. ஒருத்தன் முருகர் படம் போட்டிருக்கான்."

"பெட்டகச் சாவிய வாங்கிக்கறதுக்கு?"

பிரேமா விரலால் தள்ளிக்கொண்டே போனார். கூப்பிய கைகள், ரோஜா, மறுபடி கூப்பிய கைகள். நடுவே ஒருவர் பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி எது என்று கேட்டிருந்தார். பிரேமாவின் விரல் தானாக அதற்குப் பதில் எழுதத் தொடங்கியது.

"அதுக்கு இன்னா எழுதிகினு இருக்கிற?" என்றார் பெருமாள்.

"கேட்டிருக்கான். தெரிஞ்சத சொல்லணும் இல்ல."

"எட்டு மாசமா ராத்திரி கால புடிச்சிகினு அழுவுறது நீ. அவனுக்குத் தேதி சொல்றதும் நீ. நல்லா இருக்குது உங்க குரூப்பு."

சண்டை போடக்கூடப் பிரேமாவுக்கு உடம்பில் தெம்பில்லை. பதிலை எழுதி அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு போட்ட குடும்பம் பிரேமாவுடையது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து, செயலாளரானவர். கடன் சங்கத்தில் பாதி வேலை நகையோடுதான். விதைக்கோ உரத்துக்கோ அவசரமென்று கம்மலையும் செயினையும் கொண்டுவருவார்கள். மதிப்பீட்டாளர் உரசிப் பார்ப்பார். எடை போட்டு, துணிப் பையில் போட்டுக் கட்டி, அரக்கு முத்திரை வைத்துப் பெட்டகத்துக்குள் வைப்பார்கள். பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று காசாளரிடம், ஒன்று செயலாளரிடம். செயலாளர் மாறினால் அந்தச் சாவியும் கை மாறும். வாங்குகிற கை அதற்குமுன் ஒவ்வொரு பையையும் பிரித்து, கொடுக்கிறவரின் எதிரிலேயே எடை பார்த்தாக வேண்டும். வாங்கிய பிறகு குறை தெரிந்தால் அது வாங்கியவர் தலையில்தான் விடியும்.

ஆனால் மனிதர்களுக்குக் கூச்சம். எதிரில் உட்கார்ந்திருப்பவரை நம்பவில்லை என்று சொல்லாமல் சொல்வதுபோல இருக்கும். "எல்லாம் சரியாத்தானே இருக்குது?" என்று சிரித்துக்கொண்டே சாவியை வாங்கிப் பையில் போட்டு, பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அதனால், புதிதாகச் செயலாளரானவர்கள் ஒரு வாரம் பிரேமாவின் சங்கத்தில் வந்து வேலை பழகும்போது அவர் முதலில் தராசைத்தான் காட்டுவார். "சாமியே வந்து குடுத்தாலும் எடை போட்டு வாங்கு. கோச்சிக்கிச்சின்னா கோச்சிக்கட்டும்." அப்படிப் பழகிப் போனவர்கள்தான் இன்று இந்த வட்டாரத்துச் சங்கச் செயலாளர்களில் பாதிப் பேர்.

சனிக்கிழமை விடிவதற்குள் ஊர் நிரம்பிவிட்டது. சித்தூர், நகரிப் பக்கமிருந்து வந்த காவடிகள் ஒரு பக்கம், அரக்கோணத்தில் ரயில் மாறி வந்த கூட்டம் இன்னொரு பக்கம். மலையடிவாரத்தில் கூட்டுறவுச் செயலாளர்கள் ஆண்டுதோறும் கைக்காசு போட்டு நடத்தும் நீர்மோர்ப் பந்தல் வழக்கமான இடத்தில் இருந்தது. நிற்க முடியாததால் பிரேமா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பீப்பாயிலிருந்து மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரையும் நேரில் கேட்டுவிடுவது என்று முடிவு செய்துதான் வந்திருந்தார். வாட்ஸ்அப்பில் கும்பிடுகிற கை நேரில் எங்கே போகும்?

முதலில் பூபாலனைக் கேட்டார். இரண்டு வருடம் முன்பு அவன் தகப்பனார் படுக்கையில் கிடந்தபோது அவன் சங்கத்தைப் பார்த்துக்கொண்டவர் பிரேமா.

"உங்களுக்கில்லாததாக்கா? பேசலாம், இருங்க, ஐஸ் தீந்துடுச்சி" என்று கிளம்பினான் பூபாலன். ஐஸ் வந்தது. வேறு ஒரு பையன் தூக்கி வந்தான். பூபாலன் வரவில்லை.

இன்னொரு சங்கத்தின் செயலாளர் நிர்மலா தானாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிரேமாவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"அக்கா, கோச்சிக்காதீங்க, ஒரு சின்ன டவுட்டு. நேத்து நாள் முடிக்கறப்போ ரெண்டு ரசீது மாட்டிகினு போவ மாட்டேங்குது."

பிரேமா கரண்டியைப் பிடித்தபடியே அதற்கு வழி சொன்னார். எந்த ரசீதை ரத்து செய்வது, யாரிடம் அனுமதி கேட்பது, எல்லாம். நிர்மலா போனில் குறித்துக்கொண்டாள்.

"சரி, என் சாவிய வாங்கிக்கறியா? ஒன்றரை மாசம்தான்."

நிர்மலாவின் முகம் சட்டென்று வாடியது. "அக்கா… எங்க மாமியாரு…"

"அவங்களுக்கு இன்னா?"

"நல்லாத்தான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு தம்ளர் கழுவப் போய்விட்டாள்.

ஒரு காவடிக் கூட்டம் வந்து பந்தலை மொய்த்தது. "அம்மா, மஜ்ஜிக இவ்வண்டி" என்று தெலுங்கில் மோர் கேட்டார் மஞ்சள் வேட்டிக்காரர் ஒருவர். பிரேமா ஊற்றினார். கை ஊற்றிக்கொண்டே இருந்தது. மனம் ஓய்ந்து போய் எங்கோ கிடந்தது. இத்தனை வருடம் எதையும் எதிர்பார்த்துச் செய்ததில்லை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எதிர்பார்த்திருக்கிறார் என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது.

வெயில் ஏறியபோது குணசேகரன் வந்தான். கனகம்மாசத்திரம் பக்கத்தில் ஒரு சங்கத்தின் செயலாளர். பிரேமாவிடம் பழகியவர்களில் கெட்டிக்காரன். அவனைக் கடைசிக்கு வைத்திருந்ததற்குக் காரணம், அவன் மாட்டேன் என்று சொல்லமாட்டான் என்ற நம்பிக்கை.

"குணா, நீயாவது நேரா சொல்லு. ஏன் எல்லாரும் என்னப் பாத்து ஓடறீங்க? நான் உங்களுக்கு இன்னா பண்ணேன்?"

குணசேகரன் தலையைச் சொறிந்தான். சுற்றும் பார்த்துவிட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டான்.

"ஒண்ணும் பண்லக்கா. நீங்கதான் சொன்னீங்க, எடை போடாம சாவிய வாங்காதன்னு."

"ஆங். போடு. யாரு வேணான்னா?"

"எப்டிக்கா போடறது? தராச எப்டிப் புடிக்கணும்னு சொல்லிக்குடுத்ததே நீங்க. உங்கள எதிர்ல ஒக்காரவெச்சி, உங்க பையப் பிரிச்சி, இது சரியா இருக்குதான்னு பாக்கறதா? என் கை வராதுக்கா."

"அப்போ போடாம வாங்கிக்க."

"அதுவும் முடியாது. எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குது." அவன் குரல் இறங்கியது. "தப்பா நெனைக்காதீங்க. உங்க மேல சந்தேகம் இல்ல. ஆனா போடாம வாங்கினா ராத்திரி தூக்கம் வராது. அப்டி பழக்கிட்டீங்க எங்கள. நாங்க பேசிப் பாத்தோம். நிர்மலா அழுவுது. பூபாலன் உங்க மூஞ்சப் பாக்க முடியாம கடைத்தெருவுல சுத்திகினு இருக்கான்."

பிரேமாவுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே நின்றுவிட்டது.

"நான் கோச்சிக்கமாட்டேன்டா."

"நீங்க கோச்சிக்கமாட்டீங்க. எனக்குத்தான் கூசுது."

அவனைத் திட்டவும் முடியவில்லை. அவன் சொல்வது அவனுக்கு நியாயம். ஒரு சொல் தவறாமல் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். மரியாதையும் குறையவில்லை. இரண்டும் சேர்ந்து அவர் காலை வாரிவிட்டன.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வேறு தேதி கேட்கலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, மேலே சாமி பார்த்துவிட்டு இறங்கி வந்த வேடியப்பன் பந்தலில் கை நீட்டினார். மொட்டை அடித்து சந்தனம் பூசிய தலை. அவரும் ஒரு சங்கத்தின் செயலாளர்தான். பிரேமா சேர்ந்த அதே ஆண்டில் சேர்ந்தவர். குழுவில் இல்லை. பந்தலுக்குப் பத்துப் பைசா கொடுத்ததில்லை. யாருக்கும் எதையும் கற்றுத் தந்ததில்லை, யாரிடமும் கேட்டதுமில்லை. 'இன்னும் ஓசி வேலை பாத்துகினு இருக்கியா' என்பதுதான் பிரேமாவை எங்கே பார்த்தாலும் அவர் விசாரிக்கிற விதம்.

"இன்னாம்மா, ஒக்காந்துகினே தர்மம் பண்ற?" என்றார்.

"கால் சரியில்ல."

"கேள்விப்பட்டேன். சாவிய வெச்சிகினு ஊரெல்லாம் கூவுறியாமே. ஒருத்தனும் வாங்கலயா?" அவர் குணசேகரனைப் பார்த்துச் சிரித்தார். "உன் சிஷ்யப்புள்ளைங்க எங்க?"

குணசேகரன் எழுந்து நின்றான். "அண்ணா, அவங்க உடம்பு முடியாம இருக்காங்க. சும்மா இருங்க."

"நீ சும்மாதான இருக்கிற? நானும் எதுக்குச் சும்மா இருக்கணும்?" மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தம்ளரை நீட்டினார். "இன்னொண்ணு ஊத்து. நான் வாங்கிக்கறேன் உன் சாவிய."

பிரேமா நிமிர்ந்து பார்த்தார்.

"ஆனா ஒவ்வொரு பையும் எடை போடுவேன். என் சங்கத்து மதிப்பீட்டாளரக் கூட்டிகினு வருவேன், என் தராசக் கொண்டாருவேன். உன் தராசு மேல எனக்கு நம்பிக்க கெடையாது. ஒரு பொட்டு தங்கம் குறைஞ்சாலும் எழுதிடுவேன். அக்கா தங்கச்சின்னு பாக்கமாட்டேன்."

குணசேகரனின் முகம் சிவந்துவிட்டது. "இன்னா பேச்சுண்ணா இது? யாருகிட்ட பேசறீங்க?"

"நீ இருடா" என்றார் பிரேமா. "எழுதுங்க. குறைஞ்சா எழுதித்தான ஆவணும்."

"கோவமா?"

"கோவப்படறதுக்கு தெம்பில்ல."

வேடியப்பன் இரண்டாவது தம்ளரையும் குடித்து முடித்தார். பிறகு, குரலைத் தாழ்த்தாமலேயே சொன்னார்:

"தை மாசம் எனக்கு ரெண்டு கண்ணும் ஆபரேஷன். எனக்கு யாரும் வரமாட்டாங்க. அது எனக்கே தெரியும். நீ வரணும்."

இதோ, அடுத்த சங்கம். தையில் இந்தக் கால் நடக்குமா என்றே தெரியவில்லை. அதற்குள் வேலை வந்து காத்துக்கொண்டு நிற்கிறது. பெருமாளுக்குத் தெரிந்தால் வீட்டில் ஒரு வாரம் பேச்சு ஓடும். பிரேமா கரண்டியைப் பீப்பாய் விளிம்பில் வைத்துவிட்டு, முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார்.

"வர்றேன்" என்றார். "ஆனா நானும் எடை போட்டுத்தான் வாங்குவேன்."

"போடாமப் போயிடுவியா நீ?" என்று சொல்லிக்கொண்டே வேடியப்பன் கூட்டத்துக்குள் நடந்தார்.

குணசேகரன் இன்னும் ஆத்திரம் அடங்காமல் நின்றான். "அந்தாளப் போயி… அக்கா, நான் வேணா…"

"நீ வேணா இன்னா?"

பிரேமா கரண்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"கொஞ்ச நேரம் நீ ஊத்து. நான் கால நீட்டிக்கறேன்."

அங்கிருந்தே, சரக அலுவலகத்தில் பெயர் கேட்டவரின் செல்போனுக்குப் பேசி வேடியப்பன் பெயரைச் சொன்னார். "அவராம்மா? நெஜமாவா?" என்று கேட்டார் அவர். "அவருதாங்க" என்றார் பிரேமா.

திங்கட்கிழமை காலை, சங்கம் திறக்கும் நேரத்துக்கு வேடியப்பன் தன் தராசோடு வருகிறார். பெட்டகத்தில் இருக்கும் பைகள் அத்தனையும் பிரித்து எடை போட்டு மறுபடி முத்திரை வைக்க இரண்டு முழு நாள் பிடிக்கும். அந்த இரண்டு நாளும் பிரேமா எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். புதன்கிழமை காலை அவரைச் சென்னைக்கு அழைத்துப்போகப் பெருமாள் வண்டி பேசி வைத்திருக்கிறார்.