செருப்பில் வெட்டிய மிதவை

மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வருவதற்கு முந்திய வருஷம் அது. ஞாயிறு பூசை முடிந்த கையோடு, கடலட்டை பிடிக்கும் சுழியோடிகள் ஆறு பேர் காற்றுச் சிலிண்டர்களைப் படகில் ஏற்றினோம். கொழும்புத்துறைக்கு நேரே கடலடியில் கிடந்த அறுந்த வலைகளை எடுத்துத் துப்புரவாக்க வேண்டும். கூலி கிடையாது. ஒரு மாதத்துக்கு முன்பு என் மனைவியின் தம்பி, மூச்சடக்கிச் சங்கு எடுக்கப் போனவன், அப்படியொரு வலையில் கால் சிக்கிச் செத்துப்போனான்.

சுடவரும் ஆமி ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டால் வலையை அறுத்துவிட்டு ஓடிய காலம். எங்கள் எல்லோருடைய வலையும் கீழே கிடந்தது.

"ஆரின்ரை வலை எங்கை போனது?" என்று படகோட்டி கேட்டார்.

"என்ரை அங்காலை, மேற்கை" என்றேன். பச்சைப் பொய். அறுத்த இடத்தைப் பயத்தில் யார் பார்த்தது?

மனைவியின் தம்பி செத்த இடத்தில் என்னை இறக்கினார்கள். அக்காவின் புருஷன் என்ற மரியாதையாம்! கீழே கலங்கல். அவன் காலை விடுவிக்க வெட்டிய ஓட்டை வலையில் அப்படியே இருந்தது. மிதவையைத் தடவிப் பார்த்தேன். பழைய செருப்பில் வெட்டியது, ஒரு மூலை நறுக்கியது. எங்கள் தெருவில் அடையாளத்துக்கு மூலை நறுக்குகிறவள் என் மனைவி மட்டும்தான். மாதாவே! வாயில் குழாய், கத்தவும் முடியவில்லை. மிதவைகளை ஒவ்வொன்றாய் அறுத்துச் சேற்றுக்குள் புதைத்தேன். சீ, என்ன மனுஷன் நான்!

தொலைந்த வலை கரைக்கு வந்தால் மிதவையைப் பார்த்து அவரவர் எடுத்துப் போவது எங்கள் வழக்கம். ஒரு முழத் துண்டுக்கும் சண்டை பிடிப்பார்கள். அன்று நாங்கள் கரையில் கொண்டுவந்து போட்ட குவியலுக்குக் கிட்டவும் ஒருவர் வரவில்லை. என் மனைவி மட்டும் வந்து குந்தியிருந்து ஒவ்வொரு வலையாகப் புரட்டினாள்.

"இஞ்சேரப்பா, உந்த வலையை விடு. நாறுது. கண்டறியாத வேலை" என்றேன்.

அவள் விடவில்லை. ஓட்டை விழுந்த வலையின் மடிப்புக்குள்ளிருந்து, நான் தவறவிட்ட ஒரேயொரு மிதவையை இழுத்தாள். மூலையை விரலால் தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள். தூசணத்தால் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"இது எங்கடை வலை" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ. அம்மாவிட்டைப் போய்ச் சொல்லோணும்."

பிடித்தேன். மாமியின் வீடு மூன்று ஒழுங்கை தள்ளி இருந்தது.