கடைசி வளைவுக்குத் தண்ணீர்

மேலப்பாளையத்தில் அசன் மைதீனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இப்போது யாரும் இல்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார் என்பதால் பிள்ளைகளுக்கு வேன் மாமா, அவர்களைப் பெற்றவர்களுக்கு வேன்காரர். ஆற்றைத் தாண்டி ஜங்ஷன் பக்கம் போனால் வெறும் பாய். மனைவி ஜமீலா பீவிக்குப் புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கமே கிடையாது. பெயர் சொல்லி அதட்டிக்கொண்டிருந்த தாயும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஐம்பது வயதில் ஒரு மனிதனுக்கு ஆசை எந்த வாசல் வழியாக வரும் என்று சொல்ல முடியாது. இவருக்கு, எபி வாயால் தன் பெயரைக் கேட்கவேண்டும் என்ற ஆசை வந்து உட்கார்ந்துகொண்டது.

எபி பாளையங்கோட்டைப் பையன். ஒர்க்‌ஷாப்பில் வேலை. பழைய வண்டியைப் பிரித்து மாட்டி, மண்தரையில் நடக்கும் பைக் ரேஸ்களில் ஓட்டுவான். வள்ளியூர், சாத்தான்குளம், திசையன்விளை என்று எங்கே ரேஸ் நடந்தாலும் கயிறுக்கு இந்தப் பக்கம் அசன் மைதீன் நிற்பார். வளைவில் எல்லாரும் வேகத்தைக் குறைக்கும்போது இவன் ஒரு காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு வண்டியைப் படுக்கப் போடுவான் பாருங்கள், அந்த ஒரு நொடிக்காகத்தான் போவார். தன் வாழ்க்கையில் அப்படி எதையும் சாய்த்து ஓட்டியதில்லை. ரியாத்தில் பதினோரு வருஷம் ஓட்டியது தண்ணீர் டேங்கர், ஊரில் ஓட்டுவது இருபது பிள்ளைகள் இருக்கும் வேன்.

போன வருஷம் எபியின் நம்பரைப் பெரிதாக அச்சடித்த மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டு, கைகொடுக்கலாம் என்று அவன் வண்டியருகே போனார். அவன் ஹெல்மெட்டைக் கழற்றி, இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏலே, யாருலே இந்தப் பெருசு?" என்று கூட்டாளிகளிடம் கேட்டான். அவர்கள் சிரித்தார்கள். ஒருவன் இவர் தொந்தியைத் தட்டி, "பாய், இந்த வயித்துக்கு நம்பர் பத்தாது, பேரையே எழுதலாம்" என்றான். அசன் மைதீனும் சேர்ந்து சிரித்தார். அவமானப்பட்டது வீட்டுக்கு வந்து பனியனை மடித்து வைக்கும்போதுதான் உறைத்தது. அப்படியும் அடுத்த ரேஸுக்குப் போனார்.

"மவளுக்கு மாப்பிள பாக்கப் போவோம்னா இடுப்பு வலிக்கி. இந்த மண்ணத் திங்கப் போவணும்னா மட்டும் இடுப்புக்குச் சொவமாயிருது" என்பாள் ஜமீலா பீவி. அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

இந்த ரேஸ் திசையன்விளைக்கு வெளியே, தேரிக்காட்டை ஒட்டிய செம்மண் பொட்டலில் நடந்தது. கம்பு நட்டுக் கயிறு கட்டி, போகஸ் லைட் வைத்து, மைக்கில் ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். தேரி மண் டயருக்கு நிற்காது, சரிந்துவிடும். அதனால் வளைவுகளில் மட்டும் குளத்திலிருந்து கரம்பை என்கிற களிமண்ணை அள்ளி வந்து பரப்பி இறுக்கியிருந்தார்கள். தூசி அடங்க, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் அதன்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். டிராக்டர் டேங்கரோடு அந்த வேலைக்கு வந்திருந்தவர் அலி அஸ்கர். அறுபதைத் தாண்டிய ஒல்லியான மனிதர், உள்ளூர்க்காரர். டேங்கரைக் கடைசி வளைவின் ஓரத்தில் நிறுத்தியிருந்தார். அசன் மைதீனும் அங்கேதான் நின்றார்.

"எந்த ஊரு தம்பி?"

"மேலப்பாளையம், காக்கா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார்.

"பேரு?"

யாரோ கேட்டுவிட்டார்கள் என்பதே அசன் மைதீனுக்குப் பெரிதாக இருந்தது. சொன்னார். அலி அஸ்கர் அதற்குப் பிறகு வாய்க்கு வாய் "அசன் மைதீன்" என்றுதான் கூப்பிட்டார். தூக்குச்சட்டியில் கொண்டுவந்திருந்த கஞ்சியில் பாதியை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். இவர் கண்ணெல்லாம் எபி மேல் இருந்ததால் அந்தக் கஞ்சி எப்படி இருந்தது என்றுகூடத் தெரியாமல் குடித்து முடித்தார்.

அரையிறுதியில் எபி ஜெயித்தான். ஆனால் வண்டியை நிறுத்தியதும் குனிந்து இருமினான். கண்ணைக் கசக்கினான். தண்ணீர் வாங்கிக் கொப்பளித்தபோது வாயிலிருந்து செம்மண்ணாக வந்தது. அசன் மைதீன் பதறிப்போய்க் கயிற்றின்மேல் சாய்ந்து எட்டி எட்டிப் பார்த்தார். பெற்ற மகள் காய்ச்சலில் கிடந்தபோது போன் எடுக்காத மனிதர்தான் இவர்.

"காக்கா, இந்த வளவுக்குத் தண்ணி பத்தாது. தூசி பறக்கு பாருங்க."

அலி அஸ்கர் பைப்பு வாயைக் கட்டைவிரலால் அடைத்து, கோலம் போடத் தெளிப்பதுபோலப் பொடியாகத் தெளித்துக்கொண்டிருந்தார். "கரம்பைக்கு இது போதும் வே. கூடிச்சுன்னா வழுக்கும்."

"ரியாத்துல பதினோரு வருசம் ரோட்டுக்குத் தண்ணி அடிச்சவன் காக்கா நான். எம்புட்டு விட்டாலும் மண்ணு குடிச்சிரும்."

"அது பாலவனம். இது குளத்து மண்ணுல்லா" என்று சிரித்துவிட்டு அவர் வால்வை மூடினார்.

பொழுது அடைந்து மஃரிப் தொழுகை நேரம் வந்தது. மேடையில் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்த ஆரம்பித்திருந்தார்கள். ஒருவருக்குப் போர்த்தினால் ஒன்பது பேருக்குப் போர்த்தவேண்டும் என்பதால் கூட்டம், கமிட்டி, வண்டிக்காரர்கள் எல்லாரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலி அஸ்கர் டேங்கர் தண்ணீரிலேயே முகம் கை கால் கழுவி ஒளு எடுத்தார். "வாரும், சேந்து தொழுதுருவோம்" என்றார்.

"நீங்க தொழுங்க காக்கா. நான் பொறவு தொழுதுக்கிடுதேன்."

அவர் டேங்கருக்கு அந்தப் பக்கம் துண்டை விரித்துத் தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்தார். அசன் மைதீன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வால்வைத் திறந்தார். பைப்பைக் கடைசி வளைவில் போட்டு, சும்மா ஓடவிட்டார். மனசுக்குள் ரேஸ் முடிந்தே போயிருந்தது. எபி கோப்பையோடு வருகிறான். இவர் போய், "தம்பி, அந்த வளவுல தூசியே இல்ல பாத்தியளா? நான்தான் தண்ணி விட்டேன். எம்பேரு அசன் மைதீன்" என்கிறார். அவன் கையைப் பிடித்துக்கொள்கிறான். இதை நாலைந்து தடவை நினைத்துப் பார்ப்பதற்குள் கரம்பை கருத்து, மினுமினுவென்று ஆகிவிட்டது. பாலைவனத்து மண்ணைப்போல இதுவும் குடித்துவிடும் என்று நம்பினார். அலி அஸ்கர் சலாம் கொடுத்துத் தொழுகையை முடிப்பதற்கு முன்னால் வால்வை மூடி, பைப்பைச் சுருட்டி வைத்துவிட்டார்.

அவர் துண்டை உதறி எழுவதற்குள் பைனல் தொடங்கிவிட்டது. ஆறு வண்டிகள். எபி எப்போதும்போல முதலில் பாய்ந்தான். வளைவில் வேகத்தைக் குறைத்த ஐந்து பேரும் தப்பித்தார்கள், முதலில் வந்தவன்தான் மாட்டினான். கடைசி வளைவில் காலைத் தேய்த்து வண்டியைப் படுக்கப் போட்டான். படுத்த வண்டி எழவில்லை. சோப்பு மேல் வைத்த பாத்திரமாக வழுக்கிப் போனது. பின்னால் வந்தவர்கள் ஒதுங்கினார்கள். ஒருவனால் ஒதுங்க முடியவில்லை. எபியின் வலது கால் மேல் ஏறி இறங்கிப் போனான்.

மைக்குக்காரன், "விழுந்தாலும் சிங்கம் சிங்கம்தான், ஒரு கைதட்டு குடுங்க!" என்றான். கைதட்டினார்கள். செல்போன்கள் உயர்ந்தன. ரேஸை யாரும் நிறுத்தவில்லை.

முதலில் ஓடியவர் அசன் மைதீன். அந்த உடம்பை வைத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டி, இரண்டு வண்டிகளுக்கு நடுவில் புகுந்து, அவனை அக்குளில் கைகொடுத்து ஓரத்துக்கு இழுத்துவந்தார். கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். எபி அழுதான். அவன் வலி முழுவதும் தன் கை செய்த வேலை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே அவன் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தண்ணி விட்டவன் யாருலே? எவன்ட்டயோ காசுக்குக் கை நீட்டியிருக்கான்" என்றான் எபியின் கூட்டாளி ஒருவன். அவ்வளவுதான், நாலைந்து பேர் போய் அலி அஸ்கரைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். தொழும்போது போட்ட தொப்பி இன்னும் தலையில் இருந்தது.

"நான் தெளிக்கத்தான் செஞ்சேன் தம்பி. பொறவு தொழப் போயிட்டேன். பைப்பத் தொடவே இல்ல."

"தொழுதியோ? யாரு பாத்தா?"

அலி அஸ்கர் சுற்றிலும் பார்த்தார். இவரைக் கண்டதும் அவர் முகத்தில் உயிர் வந்தது. "அந்தா இருக்காருல்லா! அசன் மைதீன்! எம்பக்கத்துலதான் நின்னாரு. சொல்லும் அசன் மைதீன், நான் தொழுதுக்கிட்டுத்தான இருந்தேன்?"

எல்லாரும் திரும்பினார்கள். மடியில் கிடந்த எபியும் கண்ணைத் திறந்து இவரைப் பார்த்தான். கேலி இல்லாமல் முதல் தடவையாகப் பார்த்தான். ஆமாம் என்றால், அப்படியானால் தண்ணீரைத் திறந்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். மடியில் இருக்கும் தலை போய்விடும்.

"நான் எபியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார் அசன் மைதீன். "அவரு என்ன செஞ்சாருன்னு கவனிக்கல."

அலி அஸ்கரின் பார்வை கீழே இறங்கியது. இவருடைய கைலி முழங்கால் வரை நனைந்து, பாதத்தில் கரம்பை அப்பியிருந்தது. கிழவருக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தார். அதற்குள் முதல் அறை விழுந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. தொப்பியைக் காலால் எற்றினார்கள். பைப்பாலேயே அடித்தார்கள். அவர் டேங்கர் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார். அடித்தவர்களில் பாதிப் பேருக்கு எபி யார் என்றுகூடத் தெரியாது. அந்தப் பக்கம் டார்லின் என்ற பையன் ஜெயித்துவிட்டதாக மைக்குக்காரன் அறிவித்தான்.

ஆம்னி வேன் வந்தது. எபியைத் தூக்கி ஏற்றினார்கள். அவன் இவர் கையை விடவில்லை. "இவரும் வரட்டும்" என்றான். அசன் மைதீன் ஏறிக்கொண்டார். கதவைச் சாத்தும்போது டேங்கர் பக்கம் பார்க்காமல் இருக்கக் குனிந்து அவன் காலுக்குக் கீழே துண்டைச் சரிசெய்தார்.

வேன் குலுங்கும்போதெல்லாம் எபி பல்லைக் கடித்தான். நாங்குநேரி தாண்டியதும் மெதுவாகக் கேட்டான்.

"அந்தத் தண்ணி வண்டிக்காரன் உங்களப் பேரு சொல்லிக் கூப்பிட்டானே. என்ன பேரு?"

"அசன் மைதீன்."

"அசன் மைதீன் அண்ணாச்சி." அவன் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். "அம்புட்டுப் பேரும் அவன அடிக்கப் போனானுவ. நீங்க ஒருத்தர்தான் என்னப் பாத்தீய."

சந்தோஷமாக இருந்தது அசன் மைதீனுக்கு. வெட்கமும் பயமும் அதற்குப் பிறகுதான் வந்தன. முதலில் வந்தது சந்தோஷம், அதுவும் நெஞ்சு நிறைய. அவருடைய கண்ணில் தண்ணீர் வந்ததை எபி தப்பாகப் புரிந்துகொண்டு, அவர் கையை இன்னும் இறுக்கினான்.

"அவன் மேல கேஸ் குடுக்கணும் அண்ணாச்சி. நீங்க சாட்சி சொல்லுவீயளா?"

"சொல்லுதேன் தம்பி" என்றார் அசன் மைதீன்.