பழம் கைக்கு வந்த பிறகு

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு ஆளைத்தான் அடித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடித்ததைச் சேர்க்கவில்லை. அந்தக் காலத்தில் அதற்குப் பெயர் கல்வி.

ஆலங்குடிக்குப் பக்கத்து ஊரில் வாத்தியாராக இருந்தேன். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். மனைவி வழியில் எங்களுக்கு ஒரு கொல்லை வந்தது. அதில் மூன்று பலாமரங்கள். மூன்று மரத்துக்குச் சொந்தக்காரன் ஆனதும் நான் நடக்கிற விதமே மாறிவிட்டது என்று மனைவி சொன்னாள். தினமும் மாலையில் போய்க் காய்களைப் பார்த்துவிட்டு வருவேன். அதுவும் போதவில்லை, வகுப்புப் பிள்ளைகளுக்குப் போடுவது போல ஒவ்வொரு காய்க்கும் சுண்ணாம்பால் நம்பர் போட்டு வைத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனபோது பதினாலாம் நம்பர் ஒரு சைக்கிள் கேரியரில் ஏறிக்கொண்டிருந்தது. கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தவர் ஊரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். நான் பள்ளிக்கூடத்துக்குப் போவதே அவர் கடை சைக்கிளில்தான். என்னைக் கண்டதும் சைக்கிளைப் பழத்தோடு அப்படியே சாய்த்துவிட்டு வேலியைத் தாண்டி ஓடினார்.

நடந்ததை நிதானமாகப் பார்த்தால், என் பழம் என்னிடம் இருந்தது. போதாததற்கு அவருடைய சைக்கிளும் என்னிடம் இருந்தது. நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பழத்தை அவிழ்த்து வைக்கோலுக்குள் பத்திரமாக மூடி வைத்தேன். வேலிக்கு வெட்டிப் போட்டிருந்த கம்பில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கினேன். பிறகு அவருடைய சைக்கிளிலேயே ஏறி அவரைத் துரத்தினேன்.

கடைத்தெருவில் டீக்கடை வாசலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஓடி வந்த களைப்பு. முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடிக்குக் கையைத் தூக்கினார். மணிக்கட்டில் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மூன்றாவது அடி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்த பிறகு முதுகில். டீக்கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். வாத்தியார் அடிக்கிறார் என்றால் காரணம் இருக்கும் என்று யாரும் தடுக்கவில்லை. மூன்றாவது அடியின்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை நான் எந்தக் கோர்ட்டிலும் சொன்னதில்லை.

போலீஸ் அவர் மேல் திருட்டு வழக்கும், என் மேல் எலும்பை முறித்த வழக்கும் போட்டது. எனக்கு அடங்காத ஆச்சரியம். பழத்தைச் சாட்சிப் பொருள் என்று ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனார்கள். இரண்டே நாளில் அதன் வாசம் தெருமுனை வரைக்கும் வந்தது. நாலாம் நாள் வாசம் நின்றுவிட்டது. அழுகிப் போனதால் அழிக்கப்பட்டது என்று எழுதி வைத்தார்கள். எழுதியவர் விரலில் பிசின் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

புதுக்கோட்டையில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். வயதானவர், மெதுவாகப் பேசுவார். நான் கதையை வீரமாகச் சொல்லி முடித்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீங்க அடிக்கிறப்பப் பழம் எங்கெ இருந்துச்சு?"

"வைக்கோலுக்குள்ள. நான்தான் மூடி வச்சேன்" என்றேன் பெருமையாக.

அவர் பேனாவை மூடிவிட்டார். திருடன் பொருளோடு போகிறவரைக்கும் அதைக் காப்பாற்றத் தேவையான அளவுக்குப் பலத்தைக் காட்டலாம். கையைப் பிடித்து இழுக்கலாம், தள்ளலாம், வேறு வழி இல்லையென்றால் ஒரு அடிகூட அடிக்கலாம் என்று விளக்கினார். "பழம் ஒங்க கைக்கு வந்துருச்சுல்ல சார், அந்த நிமிசமே ஒங்க உரிமை முடிஞ்சுபோச்சு. அதுக்கு மேல நீங்க அடிச்சது பழத்துக்காக இல்ல."

மகாராஜா காலமாக இருந்தால் இப்படி நடக்குமா என்று கேட்டேன். அப்போதும் இதே சட்டம்தான், படிக்கத்தான் ஆளில்லை என்றார். ஐந்தாம் வகுப்புக்குக் குடிமகனின் கடமைகள் என்று ஒரு பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சட்டத்தை யாரும் தன் கையில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அதில் ஒரு வரி உண்டு. அதை நூறு தடவை இம்போசிஷன் எழுத வைத்திருக்கிறேன்.

கிளம்பும்போது வக்கீல், கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, "அவரு சைக்கிள்ல ஏறியா போனீங்க?" என்றார். ஆமாம் என்றேன். அதைக் கோர்ட்டில் நாமாகச் சொல்ல வேண்டாம் என்றார்.

சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை; சைக்கிள் கடைக்காரரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கட்டுப் போட்ட கையோடு கூண்டில் நின்று, அந்தப் பக்கமாகப் போனேன், பழ வாசம் அடித்தது, இறக்கிவிட்டேன், தப்புதான் என்று ஒப்புக்கொண்டார். ஏன் வாத்தியாரிடமே கேட்கவில்லை என்றார் மாஜிஸ்டிரேட்.

"நம்பர் போட்டு வச்சிருக்காருங்க. அவருகிட்டப் போயி எப்படிக் கேக்குறது?"

கோர்ட்டே சிரித்தது. என் வக்கீலும் சிரித்தார். சைக்கிள் கடைக்காரரை எச்சரித்து விட்டுவிட்டார்கள். எனக்கு அபராதம். பள்ளிக்கூட மேலிடத்திலிருந்து ஒரு மெமோவும் வந்தது. ஆசிரியர் பொது இடத்தில் கம்பைப் பயன்படுத்தியது வருந்தத்தக்கது என்று. வகுப்பறையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

மனைவி அடுத்த வாரம் இரண்டு பழங்களை அறுத்து அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். என்னிடம் கேட்கவில்லை. மரம் அவளுடையது என்பதை அன்றைக்குத்தான் ஞாபகப்படுத்திக்கொண்டேன்.

ஒரு மாதம் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனேன். பிறகு கால் தாங்காமல் அவர் கடைக்குப் போய் நின்றேன். அவர் கை சரியாகக் கூடவில்லை. ஸ்பானரைத் திருப்ப முடியாது. அவர் மனைவி காற்றடித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்து, "எடுத்துக்கிட்டுப் போங்க வாத்தியாரே" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் பெடல் மிதிப்பது சுலபமாக இருந்திருக்கும்.

மறு வருஷம் பலா சீசனில், பகலில், முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரு காயைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். கை நீட்டினால் தொட்டுவிடலாம். சட்டப்படி அப்போது எனக்கு முழு உரிமை இருந்தது. பழம் அவர்கள் கையில்தான் இருந்தது. ஆனால் நான் கையை நீட்டவில்லை. நேராக ஸ்டேஷனுக்குப் போய்த் தெளிவான கையெழுத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன்.

ஏட்டு அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஒரு பலாக்காய்க்கா இம்புட்டுத் தூரம் வந்தீங்க? அங்கிட்டே ரெண்டு தட்டு தட்டி விட்டுருக்கலாமே, வாத்தியாரே."