பதினேழு மதகுகளைத் திறந்தவர்

ஆம்பூரிலிருந்து சீமைக்கு ஷூ போவது பழைய செய்தி. ஆபித் பாஷா போனது போன வருஷத்துச் செய்தி. ஷூவுக்காவது மெல்லிய தாள் சுற்றி அட்டைப்பெட்டி தருகிறார்கள். ஆபித் பாஷாவுக்கு மனைவி ரஃபத் ஜஹான் வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டர் ஒன்றுதான்.

ஐம்பத்திரண்டு வயது. பசை தடவுகிற வேலையில் சேர்ந்து, முப்பது வருஷத்தில் மாதனூர் யூனிட்டுக்கு இன்சார்ஜ் ஆனவர். அங்கே நாற்பத்திரண்டு பெண்கள் ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிறார்கள். முதலாளி பிரேம்நாத் அவருடைய பள்ளித் தோழர், பத்தாவது வரை ஒரே பெஞ்சு. நாலு பேர் முன்னால் 'சார்', தனியாக இருந்தால் 'டேய்'. முப்பது வருஷத்தில் ஆபித் பாஷா இதை ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை.

அவரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். பீடி இல்லை, சீட்டு இல்லை. 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்று சொல்வார். ஷிப்மென்ட் நாலு நாள் முன்னால் போகவேண்டுமா, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். மே மாதத்தில் ஃபேன் ஓடவில்லையா, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். மகள் நிக்காஹ்வுக்குப் போட்டோக்காரன் வராதபோதும் இதையேதான் சொன்னார். ரஃபத் ஜஹான் இன்றுவரை அதை மன்னிக்கவில்லை.

கிளம்புகிற வாரம், தையல் மேசையின் தலைவி மெர்சி கம்பெனி பஸ் வாசலில் அவரை நிறுத்தினாள்.

"இன்னா பாய், யூனிட்ட மூடப் போறாங்கன்னு பேசிக்கிறாங்களே?"

"யாரு சொன்னா? மூடறதுன்னா முதலாளி என்னை எதுக்கு இட்டுனு போறாரு? அடுத்த வருஷ ஆர்டர் வாங்கத்தான்."

"அப்ப ஆர்டரோட வாங்க. இல்லன்னா அங்கயே ஒரு வெள்ளக்காரியப் பாத்து செட்டில் ஆய்டுங்க."

பஸ் முழுக்கச் சிரிப்பு.

அவர்கள் போய் இறங்கிய நார்தாம்ப்டன் என்கிற ஊரும் ஷூவுக்குப் பேர் போனதுதான். ஷூ வாங்குகிற கம்பெனியின் ஆள் கீத், ஆறடிக்கு மேல் உயரம், நல்ல மனுஷன். சாப்பாட்டு மேசையில் ஆபித் பாஷாவிடம் கேட்டார்: "உற்பத்தியில் ஏதாவது மாற்றம் வந்தால் உங்கள் பெண்கள் சமாளிப்பார்களா?" ஆபித் பாஷாவுக்குத் தெரிந்த மாற்றம் புது டிசைன், புது தேதி. யோசிக்கவே இல்லை. "வீ வில் அட்ஜஸ்ட், சார்." பிரேம்நாத் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

சனிக்கிழமை கீத் தன் படகில் கூட்டிப்போனார். ரயில் பெட்டியை ஒல்லியாக்கித் தண்ணீரில் விட்டதுபோல ஒரு படகு. கால்வாயும் அதற்கேற்ற அகலம்தான். மேட்டிலிருந்து அது ஆற்றங்கரை ஊருக்கு இறங்குகிறது, படிப்படியாக. ஒவ்வொரு படியும் செங்கல் சுவர் வைத்த தொட்டி, முன்னும் பின்னும் மதகு. தொட்டி நிரம்பியிருக்கும்போது படகு உள்ளே நுழையவேண்டும். பின் மதகை மூடி, இரும்புக் கைப்பிடியைப் பொருத்திச் சுற்றினால் தண்ணீர் வடியும், படகு பள்ளத்தில் இறங்கும். பிறகு நீளமான மரத்தை முதுகு கொடுத்துத் தள்ளி முன் மதகைத் திறந்துவிட்டால் படகு வெளியே போகும். இப்படிப் பதினேழு.

யாராவது ஒருவர் கரையில் நடந்து இதையெல்லாம் செய்யவேண்டும். யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஆபித் பாஷாவுக்கு ஆனந்தம். எங்கள் பாலாற்றில் பாலம் இருக்கிறது, தண்ணீரைத்தான் காணோம். இங்கே தண்ணீருக்குப் படிக்கட்டே கட்டி வைத்திருக்கிறார்கள். அதை இறக்கிவிடுகிற கைப்பிடி தன் கையில்! நடுவில் வந்த மரத் தூக்குப்பாலத்தையும் அவரே தூக்கிப் பிடித்தார். படகிலிருந்து பிரேம்நாத் போட்டோ எடுத்தார்.

பள்ளத்தில் இருப்பவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு, மேலே நிற்பவனுக்குக் காது கேட்காது என்று. உண்மையில் அந்தச் செங்கல் தொட்டி கிணறு மாதிரி. கீழே கிசுகிசுத்தால் மேலே தெளிவாக வரும். கீத் வானிலை பற்றிப் பேசுகிற இங்கிலீஷ் ஆபித் பாஷாவுக்குப் புரியாது. கம்பெனி இங்கிலீஷ் கீத்தைவிட நன்றாகப் புரியும்.

ஒன்பதாவது தொட்டியில் படகு இறங்கும்போது, "மார்ச்சில் மாதனூர் குளோஸ்" என்று கேட்டது. பிரேம்நாத்தின் குரல். பத்தாவதில், தையல் லைன் வேறு மாநிலத்தில் ஒரு புதுக் கம்பெனிக்குப் போகிறது என்று கேட்டது. பதினொன்றில், அந்தப் புதுக் கம்பெனியில் பிரேம்நாத்துக்கும் பங்கு உண்டு என்று. பன்னிரண்டில் கீத் கவலைப்பட்டார்: அந்தப் பெண்கள்?

"ஆபித்தே உங்களிடம் சொன்னானே, அட்ஜஸ்ட் செய்துகொள்வார்கள் என்று. அவர்களுடைய ஆள் அவன்தான்."

ஆபித் பாஷா ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு, ஒவ்வொரு மதகையும் முதுகு கொடுத்துத் தள்ளித் திறந்தார்.

பதின்மூன்றாவதில் பாதியில் நிறுத்தினார். படகும் பாதிப் பள்ளத்தில் நின்றது.

"டேய் பிரேம். மாதனூர மூடப் போறியா?"

வெளியாள் முன்னால் முதல் 'டேய்'. பிரேம்நாத் அண்ணாந்து பார்த்தார்.

"இங்க இன்னாடா அந்தப் பேச்சு? ஊருக்குப் போய் பேசலாம். உனக்கு ஆம்பூர்ல சீட் வெச்சிருக்கேன்."

"அந்தப் பொம்பளைங்களுக்கு?"

"எத்தினி கம்பெனி பஸ்ஸு போவுது, எதுலனா ஏறிக்குவாங்க. நீதானடா சொன்ன, அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்கன்னு?"

கீத்துக்குத் தமிழ் தெரியாது. கட்டைவிரலை உயர்த்தி, "ப்ராப்ளம்?" என்று சிரித்தபடி கேட்டார்.

ஆபித் பாஷாவின் வாய் முப்பது வருஷமாகப் பழகிய வாய். "நோ ப்ராப்ளம், சார்."

மீதித் தண்ணீரையும் வடித்தார். அந்த மதகையும் மீதி நாலையும் திறந்தார். ஆற்றங்கரையில் இறங்கியதும் கீத் அவர் கையைக் குலுக்கி, இவ்வளவு சுலபமாக எந்தப் பயணமும் அமைந்ததில்லை என்றார்.

ஊர் திரும்பிய ஒரு வாரத்தில் மாதனூர் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். 'யூனிட் இன்சார்ஜின் ஒப்புதலுடன்' என்று அதில் ஒரு வரி. நாற்பத்திரண்டு பெண்களும் அவரைச் சுற்றி நின்றார்கள். ஆபித் பாஷா ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார்: மதகு, தொட்டி, குரல், எல்லாம்.

மெர்சி கேட்டாள், "எத்தினியாவது கதவுல காதுல வுழுந்துச்சு?"

"ஒம்போதாவது."

"மொத்தம்?"

"பதினேழு."

"அப்ப தெரிஞ்சப்புறம் எத்தினி தொறந்தீங்க?"

"எட்டு."

"ஒம்போது பாய். அந்த ஒம்போதாவதையும் நீங்கதான தொறந்தீங்க?"

பாக்யலட்சுமி என்கிற பெண்ணுக்கு வேறு சந்தேகம். "தொறக்காம வுட்டிருந்தா படகு முழுவிப் போயிருக்குமா?"

"இல்லம்மா. சும்மா அங்கயே நிக்கும்."

"நிக்கட்டுமே!"

யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை வேலூர் லேபர் ஆபீஸில் மனு கொடுப்பதாக முடிவாயிற்று. 'என் ஒப்புதல் இல்லை' என்று ஆபித் பாஷா நேரில் சொன்னால்தான் நோட்டீஸில் இருக்கும் அந்த வரி பொய்யாகும். சொன்னால் ஆம்பூர் சீட் கிடையாது. ஞாயிறு முழுக்க பிரேம்நாத் போன் அடித்தார். முதலில் தோஸ்த் என்றார், பிறகு மிஸ்டர் ஆபித் என்றார். ரஃபத் ஜஹான் போனை வாங்கி அணைத்து, அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள்.

மறுநாள் காலை மாதனூர் ஸ்டாப்பில் ஸ்வெட்டர் இல்லாத ஆபித் பாஷா நின்றிருந்தார். பஸ் வந்தது. பெண்கள் முதலில் ஏறி, இருந்த இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டார்கள். இவர் கடைசியாக ஏறினார். மெர்சி முகத்தைப் பார்க்காமல் மனுவை நீட்டினாள். சீட்டின் முதுகில் அதை வைத்து, பஸ் குலுங்கக் குலுங்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் வாங்கிச் சரிபார்த்து, மடித்துப் பையில் வைத்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாக்யலட்சுமிக்குப் பக்கத்தில் அரை ஆள் இடம் இருந்தது. அவள் அங்கே சாப்பாட்டுப் பையை எடுத்து வைத்தாள். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கம்மா என்று கேட்க ஆபித் பாஷாவுக்கு வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலூர் வரைக்கும் நின்றபடியே போனார்.