ஒரு நூல் குறைந்த குண்டு

பல்செட்காரர் என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் வீடு காட்டுவார்கள். ஊரில் பாதிப் பேர் வாய் நிறையச் சிரிப்பது இவர் கைவேலையால்தான். ஆனால் அந்தப் பாதிப் பேரில் ஒருவரைக்கூட அவருக்கு அடையாளம் தெரியாது. பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் எடுத்த வாய் அச்சு ஒரு தட்டில் வரும். பல்செட்டாகத் திரும்பிப் போகும். அந்த அறைக்குள் அவருக்குக் குழப்பம் என்பதே கிடையாது. வெளியே வந்தால்தான் எல்லாம்.

மனைவி கணக்கு டீச்சர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படகு ஒன்று கட்டப் போவதாகச் சொன்னாள். ஏரிக்குப் போகும் சாலையில் ஒரு தகர ஷெட்டை வாடகைக்குப் பிடித்தாள். ஒட்டுப்பலகையை அறுத்தாள், வளைத்தாள், ஒட்டினாள். பன்னிரண்டடிப் படகு, இரண்டு துடுப்பு, ஏற்றிப் போக ஒரு பழைய டிரெய்லர். ஆரம்பத்தில் அந்த எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு இவர், "இதுல குளிக்கலாமா, துணி ஊற வைக்கலாமா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவள் இவரை ஒரு ஆணி பிடிக்கக்கூடக் கூப்பிடவில்லை. ஆறு வருஷம்! கேட்ட கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியாமல், போய் நிற்கவும் முடியாமல், ஞாயிறுதோறும் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தார் மனிதர்.

போன மாதம் ஷெட்டுக்காரர் இடத்தை விற்றுவிட்டார். சனிக்கிழமை நாலு மணிக்குள் காலி செய்ய வேண்டும், நாலுக்கு மேல் கேட்டைப் பூட்டிச் சாவியை, இடத்தை வாங்கியவரிடம் கொடுத்துவிடுவார், திங்கட்கிழமை இடிக்கிறார்கள்.

"என் தம்பிகிட்ட சொல்லிடறேன். அவன் வண்டியில கொக்கியெல்லாம் இருக்கு," என்றாள் மனைவி. தம்பி, வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குகிறவன். டிரெய்லர் இழுப்பது அவனுக்குப் பல் தேய்க்கிற மாதிரி.

"வேண்டாம். நம்ம பிக்கப்ல இழுத்துடலாம். நான் தயார் பண்றேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நிஜமாவா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

அந்தப் படகில் தனக்கென்று ஒரு வேலையாவது இருக்கட்டும் என்று நினைத்தார். அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால், "சரி, உங்களை நம்பி விட்டுடறேன்," என்றாள். அந்த ஒரு வார்த்தை அவர் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

வெல்டர் ஒருவர் பிக்கப்பின் அடியில் இரும்புச் சட்டம் வைத்துக் கொடுத்தார். "இதுமேல ஒரு குண்டு மாட்டணும் சார். டிரெய்லர் மூக்குல ஒரு கிண்ணம் இருக்கும்ல, அது இந்தக் குண்டு மேல உட்காரும். குண்டு ரெண்டு சைஸ். ரெண்டு இஞ்ச் ஒண்ணு, அதுக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்ச், குறைச்சல் ஒண்ணு. உங்களுது எதுன்னு அளந்து வாங்கிக்கங்க. மாட்டினப்புறம் டிரெய்லர் மூக்கை ஜாக்கி வச்சுத் தூக்கிப் பாருங்க. வண்டிப் பின்பக்கமும் கூடவே எழும்பணும். அப்பதான் பிடிச்சிருக்குன்னு அர்த்தம்."

கிண்ணத்தை அளப்பதற்கு வேறு யாராக இருந்தாலும் ஸ்கேலை எடுத்திருப்பார்கள். இவர் அச்சு மாவு எடுத்துப் போனார். வாயில் அச்சு எடுக்கும் அதே ரோஸ் நிற மாவு. தண்ணீரில் குழைத்து அழுத்தினால் இரண்டே நிமிஷத்தில் ரப்பர் மாதிரி இறுகிவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷெட்டுக்குப் போய், கிண்ணத்தை வாய் போலத் துடைத்து, மாவை அப்பி, வழவழவென்று ஓர் உருண்டையை எடுத்தார். பிரமாதமான அச்சு. கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில்தான் அளந்தார். ஒரு நூல் குறைச்சல் சைஸ்தான் பொருந்தியது. கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் வாங்கி, சட்டத்தில் முறுக்கினார்.

அடுத்து, ஷெட்டில் விளக்கு வேலை. டிரெய்லரின் பின்விளக்குகளுக்கு ஒயர் இழுத்து, மனைவியைப் பின்னால் நிற்க வைத்து இடது சிக்னல் போட்டார்.

"வலது எரியுது," என்றாள்.

வலது போட்டார்.

"இப்ப இடது. என்னங்க, எதிர்ல வர்றவனைக் கொல்லப் பாக்கறீங்களா, பின்னால வர்றவனையா?"

அவருக்குப் புரியவில்லை. ஒயரை இரண்டு தடவை கழற்றிப் பூட்டினார். கடைசியில், விளக்குகளுக்கு நேரே குந்தி உட்கார்ந்தபோதுதான் பிடிபட்டது: இருபத்தாறு வருஷமாக எதிரே இருப்பது எல்லாம் யாரோ சிலருடைய வாய் அச்சு. அவர்களுடைய இடது இவருக்கு வலது. டிரெய்லருக்கும் அப்படியே முகம் வைத்துவிட்டிருக்கிறார்.

"அதுக்குப் பல் இல்லைங்க," என்றாள் மனைவி. ஆனால் சிரித்தாள். நாள் நன்றாகத்தான் போகிறது என்று தோன்றியது.

இரண்டு மணிக்குப் படகை டிரெய்லரில் ஏற்றிக் கட்டினார்கள். மனைவி ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தாள். பிக்கப்பைப் பின்னால் எடுத்து, ஐந்தாவது முயற்சியில் குண்டைக் கிண்ணத்துக்கு நேராகக் கொண்டுவந்தார். கிண்ணம் இறங்கியது. தாழ்ப்பாள் டக்கென்று விழுந்தது. அவள் ஷெட்டுக்காரரிடம் சாவி கொடுக்கப் போனாள்.

இவர் மூக்குக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கினார். பிக்கப்பின் பின்பக்கம் கொஞ்சம் எழுந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டார். மனசு கேட்காமல் இன்னொரு தடவை தூக்கினார். கிண்ணம் குண்டிலிருந்து வழுக்கித் தனியே மேலே வந்துவிட்டது.

திரும்ப மாட்டினார். எழுந்தது. திரும்பத் தூக்கினார். வழுக்கியது.

நாலு தடவையில் இரண்டு தடவை பிடிக்கிறது. இரண்டு தடவை விடுகிறது. ஒரு தடவைகூடப் பிடிக்காவிட்டால் அது ஒரு பதில். இது என்ன பதில்? தாழ்ப்பாளைத் தட்டினார், குண்டைத் துடைத்தார், தரை சாய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். சுற்றிலும் ஒருவரும் இல்லை. ஏரிக்கு ஒன்பது கிலோமீட்டர்தான். மெதுவாகப் போகலாம். கழன்றாலும் பிடித்துக்கொள்ளச் சங்கிலி வேறு இருக்கிறது. மாட்டி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. வழியில் ஒரு மேட்டில் கழன்றால்?

படகின் மூக்கு அவர் தோள் உயரத்தில் பளபளவென்று நின்றது. ஆறு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்.

அப்போதுதான் கைக்குட்டை ஞாபகம் வந்தது. அந்த மாவு காய்ந்தால் சுருங்கும். அச்சு எடுத்த கால் மணி நேரத்தில் வேலையைத் தொடங்காவிட்டால் பல்செட் வாயில் நிற்காது. வேலைக்கு வரும் புதியவர்களுக்கு முதல் நாளே இவர் சொல்லித் தருவது அதுதான். இரும்புதானே என்று ராத்திரி முழுக்கச் சட்டைப்பையிலேயே விட்டிருக்கிறார். கிண்ணம் சுருங்காது, அச்சு சுருங்கிவிட்டது.

மனைவி திரும்பி வந்தாள். "கிளம்பலாமா?"

"இல்ல."

"என்ன இல்ல?"

"குண்டு சின்னது. நான் தப்பா அளந்துட்டேன்." ஜாக்கியைத் தூக்கிக் காட்டினார். இந்தத் தடவை, வேண்டுமென்றே பழிவாங்குவது போல, பிடித்துக்கொண்டது. "இப்ப பிடிச்சிருக்கு. ஆனா பிடிக்காது. அதாவது, சில சமயம் பிடிக்கும்."

அவள் அவரையும் குண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் புரியலைங்க."

"எனக்கும்தான். ஆனா இதோட ரோட்டுல போக முடியாது. அது மட்டும் தெரியும்."

மணி இரண்டே முக்கால். சனிக்கிழமை, கடை ஒரு மணிக்கே மூடியிருக்கும். அவள் போனை எடுத்தாள். இவர் கை நீட்டினார். "நானே கேட்கறேன்."

நடந்ததைக் கேட்டு, மறுமுனையில் மைத்துனன் சிரிக்கவே ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டான். "அத்தான், மாவு வச்சு அளந்தீங்களா? வாய் கொப்பளிச்சுத் துப்பச் சொன்னீங்களா?"

"சொல்லல. ரெண்டு இஞ்ச் குண்டு இருக்கா உன்கிட்ட?"

"இருக்கு, இருக்கு. வர்றேன்."

மூன்றரைக்கு வந்தான், குண்டை ஒரு பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுக்கொண்டு. வந்தவன் நேரே டிரெய்லர் மூக்குக்குப் போய், கிண்ணத்தின் மேல் அப்பியிருந்த நீலப் பெயிண்டைச் சாவியால் சுரண்டினான். இரண்டு இஞ்ச் என்று பொறித்திருந்தது.

"அக்கா, இதுமேல பெயிண்ட் அடிச்சது யாரு?"

அக்கா சுரண்டிய இடத்தை விரலால் தடவினாள். "மூணு கோட்டு அடிச்சேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

குண்டு மாறியது. ஜாக்கி வைத்து ஆறு தடவை தூக்கினார்கள். ஆறு தடவையும் பிக்கப் கூடவே எழுந்தது. ஷெட்டுக்காரர் கேட்டருகே வாட்சைப் பார்த்தபடி நின்றார்.

"அத்தான், பேசாம என் வண்டியில மாட்டிடலாம். ஒரே ஓட்டமா விட்டுட்டு வந்துடறேன்," என்றான் மைத்துனன். நியாயமான பேச்சு. பல்செட்காரர் குண்டை இன்னொரு தடவை துடைத்தார். காலையிலிருந்து செய்தது எல்லாம் கண் முன்னால் வரிசை கட்டி நின்றது.

"அவரே ஓட்டட்டும்," என்றாள் மனைவி. "நான் உன்கூடப் பின்னால வர்றேன்."

இது நம்பிக்கையா தண்டனையா என்று அவருக்கு விளங்கவில்லை. நம்பிக்கை என்றால் பக்கத்து சீட்டில் அல்லவா உட்கார வேண்டும்? தண்டனை என்றால் ஸ்டியரிங்கை எதற்குக் கொடுக்க வேண்டும்? கேட்க நேரம் இல்லை. நாலுக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது பிக்கப் கேட்டைத் தாண்டியது. பின்னால் பூட்டுப் போடும் சத்தம் கேட்டது.

சாலை வெறிச்சென்று இருந்தது. இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அவர் கால் அழுத்த மறுத்தது. கண்ணாடியில் பார்த்தால் படகின் அகன்ற மூக்குதான் தெரிந்தது. அதற்குப் பின்னால் வரும் வண்டி தெரியவில்லை, மனைவி தெரியவில்லை. இழுக்கிறோமா, துரத்தப்படுகிறோமா என்றே சொல்ல முடியவில்லை. முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் முதுகுக்குப் பின்னால் கடகடவென்று ஒரு சத்தம்.

ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டியிருந்த போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"வருது," என்றாள் மனைவி. "டிரெய்லரைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். போங்க."

"சத்தம் கேட்டுச்சே?"

"துடுப்பு. போங்க."

அடுத்த வேகத்தடை தெரிந்தது. அவர் பிரேக்கை மெல்ல அழுத்தினார். போனை அவள் வைக்கவில்லை.